கம்பியில்லா சார்ஜிங் மின்கார்களுக்கு வெறும் சொகுசுதானே? பாதி மின்சாரம் காற்றிலேயே வீணாகிவிடாதா?

மின்வாகன சார்ஜர்களுக்கான சுருள்களை வடிவமைப்பதுதான் பதினொரு ஆண்டுகளாக என் வேலை. நீங்கள் கேட்ட இரண்டுக்கும் முதலில் நேரடியாகப் பதில் சொல்லிவிடுகிறேன். பாதி மின்சாரம் வீணாகும் என்பது உண்மையில்லை. நன்றாகச் செய்த அமைப்பில் பத்தில் ஒரு பங்குகூட வீணாவதில்லை. சொகுசா என்றால், திடமான கைகளோடு ஓர் ஓட்டுநர் காருக்குள் இருக்கும்வரை பெரும்பாலும் சொகுசுதான். அந்த ஓட்டுநர் இல்லாத காரில் கதையே வேறு.

வீணாகும் கணக்கை முதலில் பார்ப்போம். இப்போது கேபிள் செருகி சார்ஜ் செய்கிறீர்களே, அந்தக் காருக்குள் என்ன நடக்கிறது? சுவரிலிருந்து வரும் மாறுதிசை மின்சாரம் காரின் உள் சார்ஜருக்குள் போகிறது. அங்கே உயர் அதிர்வெண்ணுக்கு மாற்றப்பட்டு, ஒரு சிறிய மின்மாற்றியைக் கடந்து, பிறகு நேர்திசை மின்சாரமாகி பேட்டரிக்குச் சேர்கிறது. அந்த மின்மாற்றியில் இரண்டு சுருள்கள் இருக்கும். ஒன்றை ஒன்று தொடாது. மின்கம்பத்து மின்சாரத்துக்கும் காரின் உடலுக்கும் நேரடித் தொடர்பு இருக்கக் கூடாது என்பதற்காகவே பெரும்பாலான சார்ஜர்களில் இப்படிப் பிரித்து வைக்கிறோம். அதாவது, கேபிள் வழி சார்ஜிங்கிலும் ஓர் இடத்தில் ஆற்றல் காந்தப்புலமாகத்தான் கடந்து போகிறது. கம்பியில்லா சார்ஜிங்கில் அதே மின்மாற்றியை இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியைத் தரையில் பதிக்கிறோம், மறு பாதியைக் காரின் அடியில் மாட்டுகிறோம். மில்லிமீட்டர் கணக்கில் இருந்த இடைவெளி ஒரு சாணாகிவிடுகிறது. எங்கள் தொழிலின் அத்தனை சிரமமும் அந்த ஒரு சாணில்தான் இருக்கிறது.

கீழ்ச் சுருளிலிருந்து எழும் காந்தப்புலத்தை ஐந்து பங்காக வைத்துக்கொண்டால், ஒரு பங்குதான் மேல் சுருளின் வழியாகப் போகும். மீதி நான்கு பங்கு வளைந்து கீழ்ச் சுருளுக்கே திரும்பிவிடும். இங்கேதான் பலர் தவறாகக் கணக்குப் போடுகிறார்கள். திரும்பி வருவது வீணானது ஆகாது. அந்த ஆற்றல் ஒவ்வொரு சுற்றிலும் சுருளை விட்டுப் போய், சுருளுக்கே திரும்புகிறது. பிரச்சினை என்னவென்றால், இப்படிப் போய்த் திரும்பும் மின்னோட்டம் முழுவதையும் மின்வழங்கி சுமக்க வேண்டியிருக்கும். அதற்காகத்தான் சுருளோடு ஒரு மின்தேக்கியை இணைத்து, இரண்டையும் ஒரே அதிர்வெண்ணில் ஒத்ததிரச் செய்கிறோம். போய்வரும் ஆற்றலைச் சுருளும் மின்தேக்கியும் தங்களுக்குள் மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளும். மின்வழங்கி, மேலே ஏறிப்போன பங்கை மட்டும் ஈடுகட்டினால் போதும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதை நான் கண்ணால் பார்த்தேன். ஒரு சாண் இடைவெளியில் இரண்டு சுருள்களை வைத்து, மேல் சுருளில் ஒரு விளக்கை மாட்டினோம். மின்தேக்கி இல்லாதபோது விளக்கின் இழை மங்கிய சிவப்பாகத்தான் தெரிந்தது. பெட்டியிலிருந்து ஒவ்வொரு மின்தேக்கியாக எடுத்து இணைத்துப் பார்த்துக்கொண்டே வந்தோம். சரியானது அமைந்த நொடியில் மேசை முழுவதும் வெளிச்சம். அந்தச் சுருளை நானே சுற்றியிருந்தேன். தலைமுடி அளவு மெல்லிய செப்பு இழைகள், ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பூச்சு, அப்படி ஆயிரம் இழைகளைப் புரியாக முறுக்கிய லிட்ஸ் கம்பி. கார்களுக்கான கம்பியில்லா சார்ஜிங் நடக்கும் அதிர்வெண் 85 கிலோஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 85,000 சுற்று. அதில் மின்னோட்டம் செப்பின் மேற்பரப்பில் கால் மில்லிமீட்டர் ஆழத்துக்குக்கூட இறங்காது. தடித்த கம்பியைப் போட்டால் நடுவில் இருக்கும் செம்பெல்லாம் சும்மா கிடக்கும். மெல்லிய இழைகளாகப் பிரித்தால்தான் முழுச் செம்பும் வேலை செய்யும். சுருள் சூடாகாமல் இருப்பதும் இதனால்தான்.

பலன் என்ன? இந்தத் துறைக்கான எஸ்ஏஇ ஜே2954 தரநிலையின்படி, தட்டுகள் (சுருள்களை உள்ளே வைத்து மூடிய பலகைகள்) நேராகப் பொருந்தி நிற்கும்போது மொத்தப் பயனுறுதிறன், அதாவது எடுத்த மின்சாரத்தில் போய்ச் சேரும் பங்கு, 85 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. நல்ல வடிவமைப்புகள் 90ஐத் தாண்டுகின்றன. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2018இல் ஆறு அங்குல இடைவெளியில் 120 கிலோவாட்டை 97 சதவீதப் பயனுறுதிறனில் கடத்திக் காட்டியது. கேபிள் சார்ஜிங்கிலும் இழப்பு உண்டு என்பதை மறந்துவிட வேண்டாம்.

பாதி வீணாகும் என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்று எனக்கு ஓர் ஊகம் உண்டு. 2007இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் இயற்பியலாளர் மரின் சோல்யாசிச்சின் குழு இரண்டு மீட்டர் தள்ளியிருந்த 60 வாட் விளக்கைக் கம்பியில்லாமல் எரியவைத்தது. உலகமே அதைப் பற்றிப் பேசியது. அந்தச் சோதனையின் பயனுறுதிறன் ஏறத்தாழ 40 சதவீதம். ஆனால் அங்கே தூரம் சுருளின் குறுக்களவைப் போல மூன்று மடங்குக்கும் மேல். காரின் அடியில் தூரம் சுருளின் அகலத்தில் பாதியைக்கூடத் தொடாது. அந்த எண்ணை இங்கே கொண்டுவந்து பொருத்துவது நியாயமில்லை.

காற்றில் பரவி உடம்பைத் தாக்குமா என்ற கேள்வியும் இதோடு சேர்ந்தே வரும். 85 கிலோஹெர்ட்ஸ் அலையின் நீளம் மூன்றரை கிலோமீட்டர். அரை மீட்டர் அகலச் சுருள் அந்த அலையை வானொலி நிலையம்போல வெளியே வீச முடியாது. புலம் சுருளை ஒட்டியே கட்டுண்டு கிடக்கும், தள்ளிப்போனால் வேகமாகத் தணிந்துவிடும். காருக்குள்ளும் காரைச் சுற்றியும் பொதுமக்களுக்கான வரம்பு 27 மைக்ரோடெஸ்லா (காந்தப்புல வலிமையின் அலகு). இதயமுடுக்கி பொருத்தியவர்களை மனத்தில் வைத்து தரநிலை இன்னும் இறுக்கமாக 15 மைக்ரோடெஸ்லா என்கிறது. ஆனால் இரண்டு தட்டுகளுக்கும் நடுவில் புலம் இதைவிடப் பல மடங்கு வலுவானது. அந்த இடத்தைப் பற்றித்தான் நான் உண்மையில் கவலைப்படுகிறேன்.

ஒருமுறை சோதனை மேசையில், தட்டின் மேல் ஒரு நாணயத்தை வைத்து, பாதுகாப்பு உணரியை வேண்டுமென்றே அணைத்துவிட்டு மின்சாரத்தைக் கொடுத்தோம். வெப்பக் கேமராவில் நாணயம் நீலத்திலிருந்து மஞ்சளாகி, ஒரு நிமிடத்துக்குள் வெண்மையானது. மாறும் காந்தப்புலம் உலோகத்துக்குள் எழுப்பும் சுழல் மின்னோட்டம் செய்யும் வேலை அது. அடுத்து, காகிதத்தோடு ஒட்டிய வெள்ளிநிறத் தாள், மிட்டாய்க்குச் சுற்றி வருமே, அதை வைத்தோம். ஓரம் சுருண்டு பழுப்பாகி, மெல்லிய புகை எழுந்தது. உடனே நிறுத்தினோம். வாகனம் நிற்கும் இடத்தில் இப்படி ஒரு தாள் கிடப்பது எவ்வளவு சாதாரணம்! இளஞ்சூட்டைத் தேடி காரின் அடியில் பூனை வந்து படுப்பதும் அப்படித்தான். அதனால்தான் தரைத்தட்டில் உலோகத்தைக் கண்டறியும் சிறு சுருள்களும், உயிரினங்களைக் கண்டறியும் ரேடார் போன்ற உணரிகளும் வைக்கிறோம். எதையாவது உணர்ந்தால் மின்சாரம் நின்றுவிட வேண்டும். பயனுறுதிறனில் ஒரு சதவீதம் கூட்டுவதைவிட இந்த உணரிகளை நம்பகமாக்குவதற்கே நாங்கள் அதிக நாட்களைச் செலவிட்டிருக்கிறோம். அது சரியான செலவு என்றே நினைக்கிறேன்.

இனி சொகுசு விஷயம். என் அக்காவுக்கு முடக்குவாதம், விரல் மூட்டுகள் எல்லாம் வீங்கிப்போயிருக்கும். கார் ஓட்டுவதில் அவருக்குச் சிரமமே இல்லை. சார்ஜரின் கனமான தலையைத் தூக்கி, துளைக்கு நேராகப் பிடித்து, உள்ளே அழுத்துவதுதான் பாடு. குளிரில் கேபிள் விறைத்துவிடும்போது இரண்டு கைகளாலும் பிடித்து இடுப்பால் தள்ளுவார். "ஓட்டுவது சுலபம். ஓட்டி முடித்த பிறகுதான் எனக்கு வேலை" என்று ஒருநாள் சொன்னார். அதன்பிறகு சொகுசு என்ற சொல்லை இதற்குப் பயன்படுத்த எனக்கு வாய் வருவதில்லை.

ஓட்டுநர் இல்லாத காருக்குக் கையே கிடையாது. பார்வையில்லாதவர்களும் முதியவர்களும் யாரையும் எதிர்பார்க்காமல் வெளியே போய்வரலாம் என்பதுதானே தானியங்கி வாகனம் தரும் பெரிய நம்பிக்கை? அவர்களை வீட்டில் இறக்கிவிட்டு அந்தக் கார் சார்ஜ் நிலையத்துக்குப் போனால், அங்கே செருகுவதற்கு ஓர் ஆள் நிற்க வேண்டியிருக்கிறது. 1996இல் வந்த ஜெனரல் மோட்டார்ஸின் இவி1 காரும் காந்தத் தூண்டலில்தான் சார்ஜ் ஆனது. உலோகத் தொடர்பே இல்லாத, துடுப்பு வடிவப் பலகை ஒன்றைத் துளைக்குள் செருக வேண்டும். மழையில்கூடப் பாதுகாப்பானது. ஆனால் அதையும் கையால்தான் செருக வேண்டியிருந்தது. 2024 அக்டோபரில் டெஸ்லா காட்டிய சைபர்கேப் காரில் செருகும் துளையே இல்லை, தரைத்தட்டு வழிதான் சார்ஜ்.

ரோபோ கை செருகினால் ஆகாதா என்று கேட்கலாம். ஆகும். மிக அதிகத் திறனில் விரைவாக சார்ஜ் செய்ய வேண்டிய பெரிய நிலையங்களில் அது வரவும் கூடும். ஆனால் மூடியைத் திறந்து, துளையைத் தேடி, விசையோடு அழுத்தும் கைக்கு மூட்டுகள் உண்டு. தூசியும் பனிக்கட்டியும் அதற்கு எதிரி. தரைத்தட்டில் அசையும் பாகமே இல்லை. மேலே மழைநீர் தேங்கினாலும் பனி மூடினாலும் காந்தப்புலம் பொருட்படுத்தாது. திறனிலும் தட்டுகள் எட்டிப்பிடித்து வருகின்றன: ஓக் ரிட்ஜ் ஆய்வகம் 2024இல் ஒரு போர்ஷே டைகானுக்கு 270 கிலோவாட் வரை கம்பியில்லாமல் கொடுத்தது. நான் தட்டின் பக்கம் சாய்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பயணிக்காகக் காத்திருக்கும் ஐந்து நிமிடத்திலும் டாக்சி கொஞ்சம் சார்ஜ் ஏற்றிக்கொள்ளலாம். இப்படிச் சிறுகச் சிறுக ஏற்றினால் பெரிய பேட்டரியைச் சுமக்க வேண்டியதில்லை. இங்கிலாந்தின் மில்டன் கீன்ஸ் நகரில் 2014 முதல் ஒரு பேருந்துத் தடம், முனையங்களில் நிற்கும் இடைவேளையில் இப்படித்தான் சார்ஜ் ஏற்றிக்கொண்டது.

இந்த இரண்டு தொழில்நுட்பங்களும் ஒன்றுக்கொன்று உதவுவதுதான் எனக்குப் பிடித்த பகுதி. தட்டின் நடுவிலிருந்து முன்பின்னாக 75 மில்லிமீட்டரும் பக்கவாட்டில் 100 மில்லிமீட்டரும் விலகுவதைத்தான் தரநிலை பொறுத்துக்கொள்கிறது. இருக்கையில் உட்கார்ந்தபடி, கண்ணுக்குத் தெரியாத தட்டின் மேல் இவ்வளவு துல்லியமாக நிறுத்துவது மனிதருக்குக் கடினம். எங்கள் சோதனைகளில் அனுபவமுள்ள ஓட்டுநர்கள்கூட இரண்டு மூன்று முறை பின்னால் எடுத்து நிறுத்தினார்கள். தானாக நிறுத்தும் காருக்கு இது இயல்பான வேலை. தட்டிலிருந்து வரும் மெல்லிய காந்தக் குறியைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றுவிடும்.

சாலையிலேயே சுருள்களைப் புதைத்துவிட்டால் நிற்கவே வேண்டாமே என்பார்கள். பழைய ஆசை இது. ஹுட்டின், லெப்ளாங்க் என்ற இரு பிரெஞ்சுப் பொறியாளர்கள் 1894லேயே மின்ரயில்களுக்கு இப்படி ஒரு காப்புரிமை பெற்றார்கள். தென்கொரியாவின் குமி நகரில் 2013இல் கைஸ்ட் என்ற அறிவியல் பல்கலைக்கழகம் உருவாக்கிய பேருந்துகள் இப்படி ஓடின, 17 சென்டிமீட்டர் இடைவெளியில் 100 கிலோவாட். அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் 2023இல் கால் மைல் சாலையில் சுருள்களைப் போட்டிருக்கிறார்கள். வேலை செய்யும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 100 கிலோமீட்டரில் போகும் கார் ஒன்றரை மீட்டர் சுருளைக் கடக்க நொடியில் பதினெட்டில் ஒரு பங்குதான் ஆகும். அந்த வேகத்தில் அதற்கு ஏறத்தாழ 18 கிலோவாட் தேவை. கனரக லாரிக்கு 100ஐத் தாண்டும். சார்ஜ் குறையாமல் கார் ஓட வேண்டுமானால், 90 கிலோவாட் தரும் சுருள்களைச் சாலையின் ஐந்தில் ஒரு பங்கிலாவது புதைக்க வேண்டும். சாலையைத் தோண்டுவது, மின்சாரம் கொண்டுவருவது, தார் பெயர்ந்தால் பழுதுபார்ப்பது எல்லாம் அந்த நீளம் முழுவதும். ஒரே தடத்தில் நாள் முழுவதும் ஓடும் பேருந்துகளுக்கும் துறைமுக லாரிகளுக்கும் இது கட்டுப்படியாகலாம். எல்லாச் சாலைகளிலும் வரும் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

உங்கள் கேள்வியின் தொனியைப் பார்த்தால் வாங்கும் யோசனையும் இருப்பதுபோல் தெரிகிறது. விற்பவரிடம் மூன்று விஷயம் கேளுங்கள். தட்டும் காரும் ஜே2954ஐப் பின்பற்றுகின்றனவா? உங்கள் காரின் அடிப்பகுதி உயரத்துக்கு அந்தத் தட்டு பொருந்துமா? தட்டின் மேல் ஒரு நாணயம் விழுந்தால் என்ன செய்யும்? கடைசிக் கேள்விக்குச் செய்து காட்டச் சொல்லுங்கள். நாணயத்தை வைத்த உடனே சார்ஜ் நிற்கவில்லை என்றால் அந்தத் தட்டை வாங்காதீர்கள்.