ஜெர்மன் பெண்ணைக் கும்பகோணத்துக்கு வரவழைத்துத் திருமணம் செய்ய எந்த விசா எடுக்க வேண்டும்?

கேள்வியில் இருப்பது இது: கேட்டவர் இந்து, ஊர் வலங்கைமான் பக்கம். பெண் ஜெர்மன் குடிமகள், கிறிஸ்தவர். கும்பகோணத்தில் கல்யாணம். ‘ஃபியான்சே விசா’ என்று இந்தியாவில் ஏதாவது உண்டா, இல்லையென்றால் இணையத்திலேயே எடுக்கும் 30 நாள் இ-டூரிஸ்ட் விசா போதுமா?

இரண்டுக்கும் பதில் ‘இல்லை’தான். அமெரிக்காவில் கே-1 என்று நிச்சயித்த துணைக்கென்றே ஒரு விசா உண்டு. நம்மிடம் அப்படி ஒன்று கிடையாது. இங்கே வந்து கட்டிக்கொள்கிறவர்கள் பெரும்பாலும் டூரிஸ்ட் விசாவில்தான் வருகிறார்கள். அதில் 30 நாள் விசாவை மட்டும் தொடவே தொடாதீர்கள். ஏன் என்று கீழே நாள் கணக்கோடு சொல்கிறேன். நான் வக்கீல் இல்லை, கும்பகோணம் பக்கம் இந்தக் காகிதங்களோடு புழங்குகிறவன். ‘என் மச்சான் ஒரே வாரத்தில் முடித்துவிட்டாரே’ என்று ஒருவர் கீழே வந்து எழுதுவார் என்றும் தெரியும். அந்த மச்சான் எந்தச் சட்டத்தில் பதிந்தார் என்று அவரிடமே கேளுங்கள்.

உண்மையில் முதலில் முடிவு செய்ய வேண்டியது சட்டத்தைத்தான். விசா அதற்குப் பின்னால் வருவது. 1955-ம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தில் பதிய இருவரும் இந்துக்களாக இருக்க வேண்டும். நம் மாநிலத்துக்கே உரிய சுயமரியாதைத் திருமணப் பிரிவும் (7-ஏ) அந்தச் சட்டத்துக்குள்தான் இருக்கிறது, அதனால் அங்கேயும் இதே நிபந்தனை. இந்து, கிறிஸ்தவர் இருவர் அந்தச் சட்டத்தில் செய்துகொண்ட திருமணம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2008-ல் சொல்லிவிட்டது. மலேசியாவிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ வரும் இந்துப் பெண் என்றால் கதை வேறு. பாஸ்போர்ட் எந்த நாடாக இருந்தாலும் இந்து திருமணச் சட்டமே போதும், கல்யாணத்தை முன்கூட்டி அறிவிக்கும் 30 நாள் நோட்டீஸ் கிடையாது. ‘மதம் மாற்றி ஒரே நாளில் சர்டிபிகேட்’ என்று விளம்பரம் செய்பவர்கள் சுற்றிவளைத்து நுழைவது இந்த வாசலில்தான். அந்தப் பெண் மனதார மாறுகிறார் என்றால் அது அவர் விருப்பம். சர்டிபிகேட்டுக்காக மாறினால், நாளைக்கு ஜெர்மன் அதிகாரி எதிரில் உட்கார்ந்து மதம் பற்றிக் கேட்கும்போது என்ன சொல்வார் என்பதையும் இப்போதே யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆக உங்களுக்குப் பொருந்துவது, வேறு வேறு மதத்தவரும் மணக்க இடம்தரும் 1954-ம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டம். அதன் நாள் கணக்குதான் விசாவைத் தீர்மானிக்கிறது. பிரிவு 5-ன்படி, இருவரில் ஒருவராவது திருமண அலுவலரின் (நம் பக்கம் சார்பதிவாளர்) எல்லைக்குள் நோட்டீஸ் கொடுப்பதற்கு முன் 30 நாள் குடியிருந்திருக்க வேண்டும். ஒருவர் போதும். நீங்கள் ஊரில் இருந்தால் அது நிறைவேறிவிட்டது. ‘பெண்ணும் 30 நாள் இங்கே தங்கினால்தான் நோட்டீஸ் வாங்குவோம்’ என்று கவுன்டரில் சொன்னால், பிரிவு 5-ஐ அச்செடுத்துப் பணிவாகக் காட்டுங்கள். சண்டை வேண்டாம், அதே கவுன்டரில் இன்னும் மூன்று முறை நிற்க வேண்டியிருக்கும். நோட்டீஸ் பலகையில் ஒட்டிய நாளிலிருந்து ஆட்சேபத்துக்கு 30 நாள். அது கழிந்தபின் திருமணம். நோட்டீஸ் கொடுத்த நாளிலிருந்து மூன்று காலண்டர் மாதத்துக்குள் நடக்காவிட்டால் நோட்டீஸ் காலாவதி, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

இப்போது காலண்டரை எடுங்கள். அவர் ஜூலை 18 இறங்குகிறார். இரண்டு நாள் தூக்கம், ஒரு நாள் அலைச்சல், ஜூலை 22 நோட்டீஸ் ஒட்டுகிறார்கள். ஆட்சேப காலம் ஆகஸ்ட் 21-ல் முடிகிறது. 30 நாள் இ-விசாவோ ஆகஸ்ட் 16-ல் முடிந்துவிடும். ஐந்து நாள் இடிக்கிறது. இ-விசாவை நீட்டிக்கவும் முடியாது, வேறு விசாவாக மாற்றவும் முடியாது, அதன் நிபந்தனையே அதுதான். விமானம் ஏறுவதைத் தவிர வழியில்லை. அதுவே ஓராண்டு அல்லது ஐந்தாண்டு இ-டூரிஸ்ட் விசா என்றால் ஜெர்மன்காரர் ஒரு வருகையில் தொடர்ந்து 90 நாள் இருக்கலாம், அக்டோபர் நடு வரை தாங்கும். யாராவது ஆட்சேபம் எழுதிக் கொடுத்து, அலுவலர் விசாரிக்க இன்னொரு 30 நாள் எடுத்தாலும் அதற்குள் அடங்கிவிடும். (ஆட்சேபம் என்றால் பிரிவு 4-ல் உள்ளவை மட்டும்: வயது, உயிரோடு இருக்கும் கணவன் மனைவி, மனநிலை, தடைசெய்யப்பட்ட உறவு. ‘பெரியப்பாவுக்குப் பிடிக்கவில்லை’ என்பது ஆட்சேபம் ஆகாது.)

ஜூலையைச் சும்மா சொல்லவில்லை. அவர்கள் நீண்ட விடுமுறை எடுப்பது பெரும்பாலும் ஜூலை, ஆகஸ்டில். நமக்கு அது ஆடி, மண்டபமெல்லாம் காலி, முகூர்த்தம் கிடையாது. அந்த ஆடியை நோட்டீஸுக்குக் கொடுத்துவிடுங்கள். பதினெட்டாம் பெருக்குக்குக் காவிரியில் தண்ணீர் இருந்தால் அதையும் காட்டிவிடலாம். ஆவணி முதல் வாரம் கழித்து முகூர்த்தம் பாருங்கள். மண்டபத்துக்கு முதலில் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு நோட்டீஸை அதற்குள் நுழைக்கப் பார்ப்பவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

அடுத்த பள்ளம்: ‘முதலில் கோயிலில் தாலி கட்டிவிடலாம், அப்புறம் பதியலாம்.’ கேட்க நன்றாக இருக்கும். ஆனால் ஏற்கெனவே சடங்கு முடித்தவர்கள் சிறப்புச் சட்டத்தில் வரும் வழி பிரிவு 15. அங்கே இருவருமே விண்ணப்பிக்கும் முன் 30 நாள் அந்த எல்லைக்குள் குடியிருந்திருக்க வேண்டும், அதன் பிறகு இன்னொரு 30 நாள் அறிவிப்பு. அவருடைய 90 நாளில் 60 அங்கேயே போய்விடும். அதனால் சார்பதிவாளர் முன் கையெழுத்து முதலில், தாலி அதற்கு அடுத்த நாளோ அதே நாளோ. ஐயர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இந்த இடத்தில் ஒரு வயிற்றெரிச்சலையும் கொட்டிவிடுகிறேன். டெல்டாவில் எங்கே வெள்ளைக்காரப் பெண் மடிசார் கட்டினாலும் மறுநாள் படத்தோடு செய்தி: ‘தமிழ்ப் பண்பாட்டில் மயங்கிய வெளிநாட்டுப் பெண்’. பெண்ணின் படிப்பு, மாப்பிள்ளையின் சம்பளம், பந்தியில் என்ன சாப்பாடு, எல்லாம் இருக்கும். பதிந்தார்களா, எந்தச் சட்டத்தில் என்று ஒரு வரி இருக்காது. அதைப் படித்துவிட்டுத்தான் ‘கோயில் ரசீது இருந்தால் விசா கிடைக்குமாமே’ என்று ஆட்கள் வருகிறார்கள். கோயில் ரசீது, சடங்கு நடந்ததற்கு ஒரு சான்று. விசா அலுவலகம் கேட்பது பதிவுச் சான்றிதழ்.

எல்லை விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் வலங்கைமான் பக்கம் என்கிறீர்கள். கடைவீதிக்கும் ஆஸ்பத்திரிக்கும் கும்பகோணம் வருவீர்கள், ஆனால் ஊர் திருவாரூர் மாவட்டம். சட்டத்தில் ‘மாவட்டம்’ என்று இருப்பது கலெக்டர் மாவட்டம் இல்லை, அந்தத் திருமண அலுவலருக்கு ஒதுக்கப்பட்ட பரப்பு. உங்கள் கிராமம் எந்த அலுவலகத்தின் கீழ் வருகிறது என்று பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்தில் கிராமப் பெயர் போட்டுப் பாருங்கள். மண்டபம் கும்பகோணத்தில் இருக்கிறது என்பதற்காகக் கும்பகோணம் அலுவலகம் நோட்டீஸ் வாங்காது. மயிலாடுதுறைக்காரர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். 2020-ல் மாவட்டம் பிரிந்தது, ஆதாரில் பலருக்கு இன்னும் நாகப்பட்டினம் என்றே இருக்கிறது. நோட்டீஸுக்கு முன்பே திருத்திவிடுவது நல்லது. காரைக்கால் என்றால் புதுச்சேரி ஆட்சி, டிஎன்ரெஜிநெட்டில் தேடிப் பயனில்லை.

நீங்களே மியூனிக்கில் வேலை பார்த்துக்கொண்டு, ஆதார் மட்டும் ஊரில் இருக்கிறது என்றால் மேலே சொன்ன கணக்கு முழுதும் மாறும். ‘நோட்டீஸுக்கு முந்தைய 30 நாள் குடியிருப்பு’ உங்கள் பாஸ்போர்ட் முத்திரையிலேயே பொய்த்துவிடும். அப்படியானால் நீங்கள் ஒரு மாதம் முன்னால் வந்து உட்கார வேண்டும், அவர் பிறகு வந்தால் போதும்.

அவர் கொண்டுவர வேண்டியது: பாஸ்போர்ட், விசா, பிறப்புச் சான்று, மணமாகாதவர் என்பதற்கான சான்று. முன்பு மணமாகி முறிந்திருந்தால் விவாகரத்துத் தீர்ப்பு. மணமாகாத சான்றைச் ‘சென்னை தூதரகத்தில் வாங்கி வா’ என்பார்கள். ஜெர்மன்காரர்களுக்கு அதைத் தருவது தூதரகம் இல்லை, அவர்கள் ஊரின் ஸ்டான்டஸ்ஆம்ட், அதாவது அவர்களின் பதிவு அலுவலகம். அது தரும் திருமணத் தகுதிச் சான்று ஆறு மாதமே செல்லும், அதற்கு உங்கள் காகிதங்களையும் கேட்பார்கள், அதுவே மாதக்கணக்கில் இழுக்கும். திருமண நிலை குறிப்பிட்ட விரிவான குடியிருப்புச் சான்று சுலபமாகக் கிடைக்கும். இரண்டில் எதை ஏற்பார்கள் என்று உங்கள் சார்பதிவாளரிடம் அவர் டிக்கெட் போடும் முன்பே கேட்டுவிடுங்கள். ஆங்கில மொழிபெயர்ப்பும் வேண்டும்.

இதில் பலரும் விழும் குழி அப்போஸ்டில், அதாவது ஒரு நாட்டு ஆவணத்தை இன்னொரு நாடு ஏற்க நாடுகளுக்கிடையேயான ஒப்பந்தப்படி போடும் முத்திரை. இந்தியா அந்த ஒப்பந்தத்தில் 2005-ல் சேர்ந்தபோது ஜெர்மனி ஆட்சேபித்தது. அதனால் இரு நாட்டுக்கும் இடையில் அப்போஸ்டில் முத்திரை செல்லாது. அவர் சான்றை அங்கேயே அவர்கள் அதிகாரியிடம் மேலொப்பம் வாங்கி, அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றுறுதி செய்து எடுத்துவர வேண்டும். பிரெஞ்சுக்காரர், பிலிப்பினோ என்றால் இந்தச் சிக்கல் இல்லை.

பெயர். ஜெர்மன் பாஸ்போர்ட்டில் ‘முல்லர்’ என்ற பெயரில் யு-வின் மேல் இரண்டு புள்ளி இருக்கும். அதே பக்கத்தின் அடியில், அம்புக்குறிகளோடு இரண்டு வரி இருக்கிறதே, அங்கே அது யு, இ என்று இரண்டு எழுத்தாக மாறியிருக்கும். விசா விண்ணப்பத்தில் ஒரு மாதிரி, நோட்டீஸில் இன்னொரு மாதிரி, சான்றிதழில் வெறும் யு என்று மூன்று வடிவம் ஆகிவிட்டால் பின்னால் ஒவ்வொரு கவுன்டரிலும் ‘இவர் அவர்தானா’ என்பார்கள். அடி வரியில் உள்ளதை மட்டும் எல்லா இடத்திலும் எழுதுங்கள். உங்கள் பக்கம் இனிஷியல் தொல்லை. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரித்து எழுதியிருந்தால் சான்றிதழிலும் விரித்தே வரட்டும். கையெழுத்துப் போடுமுன் வரைவுப் படியை வாங்கி எழுத்தெழுத்தாகப் பாருங்கள். அச்சானபின் திருத்துவது பெரும்பாடு.

விசா விண்ணப்பத்தை அரசின் சொந்தத் தளத்தில் மட்டும் போடுங்கள், அதைப்போலவே தோற்றமளிக்கும் தனியார் தளங்கள் கூடுதல் பணம் பிடுங்கும். பாஸ்போர்ட் ஆறு மாதமாவது செல்லுபடியாக, இரண்டு பக்கம் காலியாக இருக்கணும். இ-விசாவில் திருச்சியிலேயே இறங்கலாம், சென்னையிலிருந்து இரவெல்லாம் வண்டி ஓட்ட வேண்டியதில்லை.

அவர் உங்கள் வீட்டில் தங்கினால், வந்த 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் தங்குமிடத் தகவல் பதிய வேண்டும். சி-ஃபார்ம் என்றே எல்லோரும் சொல்வார்கள். லாட்ஜுக்கு மட்டும்தான் என்று நினைக்கிறார்கள், வீட்டுக்கும் உண்டு. அதற்கு முதலில் வீட்டு உரிமையாளர் பெயரில் கணக்குத் தொடங்கி ஒப்புதல் வர வேண்டும், ஆகவே அவர் வரும் முன்பே தொடங்கிவிடுங்கள். அந்த அச்சுப் படியைப் பத்திரமாக வையுங்கள். அவர் இங்கே எத்தனை நாள் இருந்தார் என்பதற்கு அதைவிட நல்ல சான்று இல்லை.

திருமண நாளில் மூன்று சாட்சிகள் அடையாள அட்டையோடு வேண்டும். உறுதிமொழி இருவருக்கும் புரியும் மொழியில் இருக்கலாம். கூடுதல் கட்டணம் கட்டினால் அலுவலர் மண்டபத்துக்கே வரச் சட்டத்தில் இடமுண்டு. முகூர்த்த நாளில் அவர் வருவார் என்று மட்டும் நம்பிவிடாதீர்கள்.

பிறகு அவர் இங்கேயே இருக்கப்போகிறார் என்றால் எடுக்க வேண்டியது எக்ஸ் விசா, அதாவது இந்தியரின் துணைக்கான நுழைவு விசா. தூதரகத்தில் வாங்கிய சாதாரண டூரிஸ்ட் விசா என்றால் திருமணத்துக்குப்பின் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தின் இ-எஃப்ஆர்ஆர்ஓ தளம் வழியாக எக்ஸ் விசாவாக மாற்ற விண்ணப்பிக்கலாம், போலீஸ் விசாரணை வரும். இ-விசாவில் வந்தவர் திரும்பிப் போய் அங்கே விண்ணப்பிப்பதே நேர்வழி. இரண்டு மாதம் பிரிந்திருக்க மனமில்லை என்றால், ஆரம்பத்திலேயே தூதரக விசாவுக்குச் செலவழியுங்கள். எக்ஸ் விசாவில் வேலைக்குப் போக முடியாது. விசா இல்லாமலே இங்கே வாழ உதவும் ஓசிஐ அட்டைக்குத் திருமணம் பதிவாகி இரண்டு ஆண்டு தொடர்ந்து நிலைத்திருக்க வேண்டும், அதனால் பதிவைத் தள்ளிப்போட்டால் அட்டையும் தள்ளிப்போகும்.

கடைசியாக ஒன்று, நீங்கள் கேட்கவில்லை, ஆனால் வீட்டில் வயல் இருந்தால் கட்டாயம் கேட்பார்கள். கூட்டுக்குடும்பத்து இந்து ஒருவர் மாற்று மதத்தவரை இந்தச் சட்டத்தில் மணந்தால், பிரிவு 19-ன்படி அந்தக் குடும்பத்திலிருந்து பிரிந்தவராகக் கருதப்படுவார். பங்கு போகாது, பிரிந்துவிட்டதாகக் கணக்கு, அவ்வளவுதான். அதன்பின் உங்கள் சொத்துக்கு வாரிசுரிமை இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி. ‘மருமகள் பேருக்கு ரெண்டு மா நஞ்சை எழுதி வைக்கிறேன்’ என்று அப்பா ஆசையாகச் சொன்னால் தடுத்துவிடுங்கள், வெளிநாட்டுக் குடிமக்கள் பொதுவாக விவசாய நிலத்தை வாங்கவோ தானமாகப் பெறவோ முடியாது. நகை போடச் சொல்லுங்கள்.