வளரும் நாடு ஒன்றில் மருத்துவச் சுற்றுலாவையும் அழகு அறுவை சிகிச்சையையும் வளர்க்க எங்கே தொடங்குவது?

தீக்காயப் பிரிவில் தொடங்குங்கள்.

ஐந்து நட்சத்திர அறைகள், விமான நிலைய வரவேற்பு, விசா, வரிச்சலுகை, விளம்பரம் என்று பட்டியல் போட்டு, இதில் எதற்கு முதலில் பணம் ஒதுக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் சொல்வது உங்கள் பட்டியலிலேயே இல்லை. காரணம் சொல்லக் கொஞ்சம் சுற்றி வர வேண்டும்.

நான் மருத்துவர் இல்லை. ஒரு தனியார் மருத்துவமனையின் வெளிநாட்டு நோயாளிகள் பிரிவில் ஏழு வருடம் வேலை பார்த்தேன். ஏஜென்ட்டுகளிடம் பேசுவது, விசாவுக்குக் கடிதம் தயார் செய்வது, ரிப்போர்ட்டுகளை மருத்துவரிடம் காட்டிச் செலவு மதிப்பீடு வாங்குவது, வண்டி அனுப்புவது எல்லாம் எங்கள் பொறுப்பு. நோயாளி ஊர் திரும்பிய பிறகு அவரைப் பார்த்துக்கொள்வது யார் பொறுப்பு என்று மட்டும் எந்தக் காகிதத்திலும் இல்லை.

வயிற்றுத் தோலை இறுக்கும் அறுவை சிகிச்சை, டம்மி டக் என்பார்களே, அதைச் செய்துகொண்டு போன ஒரு பெண்மணி பத்தாவது நாள் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். தையல் ஓரம் சிவந்திருந்தது, ஒரு மூலையில் ஈரம். கீழே 'இது சாதாரணம்தானா?' என்று ஒரு வரி. அப்போது இரவு பதினொன்றரை மணி. அறுவை சிகிச்சை நிபுணர் ஒரு மாநாட்டுக்குப் போயிருந்தார். பணியில் இருந்த மருத்துவர், தான் பார்க்காத நோயாளியைப் பற்றிக் கருத்துச் சொல்ல முடியாது என்றார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. எங்கள் பதில் போனது மறுநாள் மாலை நான்கு மணிக்கு. அதற்குள் அவர் தன் ஊர் மருத்துவமனையில் சேர்ந்துவிட்டார். அங்கிருந்த மருத்துவர், என்ன தையல் போட்டார்கள், என்ன ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள் என்று கேட்டிருக்கிறார். நாங்கள் கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரி ஒரே பக்கம், அதில் இரண்டுமே இல்லை.

அவருக்குக் குணமாகிவிட்டது. ஆனால் தன் ஊர்ப் பெண்கள் குழு ஒன்றில் அவர் எழுதியது காயத்தைப் பற்றி அல்ல, அந்தப் பதினாறு மணி நேரத்தைப் பற்றி. அதுவரை மாதத்துக்கு நாலைந்து விசாரணையாவது அந்த ஊரிலிருந்து வரும். அப்புறம் ஒன்றுகூட வரவில்லை. எங்கள் வரவேற்பறையில் ஒரு செயற்கை அருவி இருந்தது. அதைப் பராமரிக்கத் தனி ஆள் உண்டு. காயத்தைக் கவனிக்கத் தனி நர்ஸ் கிடையாது.

இதய வால்வு மாற்ற வருகிறவர் உயிர் பிழைக்க வருகிறார். கொஞ்சம் சிரமம் வந்தாலும் பொறுத்துக்கொள்வார். அழகு அறுவை சிகிச்சைக்கு வருகிறவர் நல்ல ஆரோக்கியத்தோடு வருகிறார். சின்னத் தழும்புகூட அவருக்கு நஷ்டம். மேலும் இந்தச் சிகிச்சையின் சிக்கல்களுக்குச் சொந்த நாட்டுக் காப்பீடு பெரும்பாலும் பணம் தராது. ஆகவே இந்தத் தொழிலின் பெயர் கெடுவதும் நிலைப்பதும் அறுவை சிகிச்சை அறைக்கு வெளியே, நோயாளி வீடு திரும்பிய பிறகு வரும் வாரங்களில் நடக்கிறது.

பெரிய அளவில் நடந்தவற்றைப் பாருங்கள். 2013, 2014-இல் டொமினிகன் குடியரசில் அழகு சிகிச்சை செய்துகொண்டு திரும்பிய அமெரிக்கப் பெண்கள் பலருக்கு மைக்கோபாக்டீரியம் அப்செசஸ் என்ற கிருமித் தொற்று வந்தது. தண்ணீரிலும் மண்ணிலும் இருக்கும் கிருமி அது. வாரக்கணக்கில் மெதுவாகத்தான் தலைகாட்டும், வழக்கமான ஆன்டிபயாடிக்குக்கு மசியாது, மாதக்கணக்கில் மருந்து எடுக்க வேண்டும். 2023-இல் மெக்ஸிகோவின் மடமோரோஸ் நகரில் இரண்டு கிளினிக்குகளில் முதுகுத்தண்டில் மயக்க ஊசி போட்டுக்கொண்டவர்களுக்குப் பூஞ்சையால் மூளையுறை அழற்சி வந்து, பத்துப் பேருக்கு மேல் இறந்தார்கள். இரண்டிலுமே நோயாளி எல்லை தாண்டிப் போன பிறகுதான் நோய் வெளியே தெரிந்தது. பின்தொடர்ந்து விசாரிக்க ஆள் வைக்காத இடத்துக்கு, தன்னிடம் என்ன தப்பு நடக்கிறது என்பதே கடைசியில்தான் தெரியவரும்.

சரி, தீக்காயப் பிரிவுக்கு வருகிறேன். பிளாஸ்டிக் சர்ஜரி அழகு நிலையத்தில் பிறந்த கலை இல்லை. முதல் உலகப் போரில் முகம் சிதைந்த சிப்பாய்களுக்காக இங்கிலாந்தின் சிட்கப்பில் 1917-இல் திறந்த மருத்துவமனையில் ஹெரால்டு கில்லீஸ் என்ற மருத்துவர் செய்த வேலைதான் நவீன முறைகளுக்கு அடித்தளம். பிரேசில் இன்று அழகு சிகிச்சைக்குப் பேர் போன நாடு. அங்கே இத்துறையின் முகமாக இருந்த இவோ பிதாங்கி, 1961-இல் நிட்டெரோய் நகரில் சர்க்கஸ் கூடாரம் தீப்பிடித்தபோது காயமடைந்தவர்களுக்குச் சிகிச்சை செய்தவர். ரியோவில் ஏழைகளுக்கான தர்ம மருத்துவமனை ஒன்றிலும் ஒரு பிரிவு நடத்தி, அடுத்த தலைமுறை மருத்துவர்களை அங்கேதான் பழக்கினார்.

எரிந்த தோலை ஒட்டுவது, உதட்டுப் பிளவைச் சரிசெய்வது, புற்றுநோய்க்கு மார்பகத்தை எடுத்த பிறகு மறுபடி உருவாக்குவது என்று பழகிய கைக்குத்தான் ஆறாத காயம் எப்படி இருக்கும், ரத்த ஓட்டம் குறைந்த தோல் என்ன நிறத்தில் மாறும் என்பதெல்லாம் தெரியும். அந்தப் பிரிவில் வேலை பார்த்த நர்ஸ், வாட்ஸ்அப் படத்தைப் பார்த்தே கவலைப்பட வேண்டியதா இல்லையா என்று ஓரளவு சொல்லிவிடுவார். பொது மருத்துவமனையில் இப்படி ஒரு பிரிவு இல்லாத நாட்டில் அழகு சிகிச்சைத் தொழிலை வளர்த்தால், வார இறுதிப் பயிற்சி முடித்துச் சான்றிதழ் மாட்டிக்கொண்டவர்கள்தான் அந்த இடத்தை நிரப்புவார்கள்.

தாய்லாந்தைப் பலரும் உதாரணம் காட்டுவார்கள். 1997-இல் அங்கே நாணயம் சரிந்தபோது தனியார் மருத்துவமனைகளுக்கு உள்ளூர்க்காரர்கள் வருவது குறைந்தது. அவை வெளிநாட்டவரைத் தேடிப் போயின. பாங்காக்கின் பும்ருங்ராட் மருத்துவமனை 2002-இல் ஜேசிஐ என்ற சர்வதேசத் தரச்சான்றை ஆசியாவிலேயே முதலாவதாக வாங்கியது. இதைக் கேட்டுவிட்டுச் சான்றிதழ் வாங்கினால் கூட்டம் வரும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அங்கே நல்ல மருத்துவர்களும் பழகிய நர்ஸுகளும் நெருக்கடிக்கு முன்பே இருந்தார்கள் என்பதைக் கவனிப்பதில்லை.

ஏஜென்ட்டுகளைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. அவர்களுக்குக் கமிஷன் ஒரு சிகிச்சைக்கு இவ்வளவு என்று கணக்கு. அதனால் ஒரே பயணத்தில் கொழுப்பு உறிஞ்சுதல், வயிறு, மார்பகம் மூன்றையும் சேர்த்து, ஏழாம் நாள் விமானம் ஏற்றும் பேக்கேஜ் போடுவார்கள். அறுவை சிகிச்சை நீள நீள ரத்தக்கட்டு அபாயம் கூடும். அதன் பிறகு நீண்ட நேரம் விமானத்தில் அசையாமல் உட்கார்ந்தால் இன்னும் கூடும். பிட்டத்தில் கொழுப்பு ஏற்றும் சிகிச்சையில் ஏறக்குறைய 3,000 பேருக்கு ஒருவர் இறப்பதாக 2017-இல் ஒரு நிபுணர் குழு எச்சரித்தது. ஆழமாகச் செலுத்தும் கொழுப்பு பெரிய ரத்தக்குழாயில் புகுந்து நுரையீரலை அடைப்பதுதான் காரணம். தசைக்குள் செலுத்தாமல் தோலுக்கு அடியிலேயே நிறுத்த வேண்டும் என்ற விதி அதற்குப் பிறகு அழுத்தமாக வந்தது. இப்படிப்பட்ட விஷயங்களை நோயாளிக்கு விளக்க வரும் மொழிபெயர்ப்பாளர், எங்களிடம் பல சமயம், ஏஜென்ட் சம்பளம் கொடுக்கும் ஆள். அபாயம் பற்றி மருத்துவர் நாலு நிமிடம் பேசுவார், மொழிபெயர்ப்பு நாலு வார்த்தையில் முடிந்துவிடும். மொழிபெயர்ப்பாளர் மருத்துவமனையின் ஊழியராக இருக்க வேண்டும். இதற்கு ஆகும் செலவு அந்த அருவியின் செலவைவிடக் குறைவு.

அரசு செய்ய வேண்டியதில் ஒன்றிரண்டு. வெளிநாட்டு நோயாளிகளை அழைக்கும் மருத்துவமனையும் இடைத்தரகரும் பதிவு செய்ய வேண்டும் என்று தென் கொரியா 2009-இல் சட்டம் கொண்டுவந்தது. அப்படியும் அங்கே, ஆலோசனை சொன்ன மருத்துவர் ஒருவர், கத்தி பிடிப்பவர் வேறொருவர் என்ற 'பேய் அறுவை சிகிச்சை' பெரிய பிரச்சினையானது. கடைசியில் அறுவை அறைகளில் கேமரா வைக்க வேண்டும் என்று 2021-இல் சட்டம் இயற்றி 2023-இல் அமலாக்கினார்கள். உடலுக்குள் வைக்கும் இம்ப்ளாண்ட்டுகளுக்கு ஒரு பதிவேடும் அவசியம். பிரான்சின் பிஐபி நிறுவனம் மார்பக இம்ப்ளாண்ட்டில் தொழிற்சாலை சிலிகானை நிரப்பியது 2010-இல் வெளிவந்தபோது, தன் உடம்பில் இருப்பது எந்த நிறுவனத்துடையது என்றே தெரியாமல் எத்தனையோ பெண்கள் அலைந்தார்கள்.

பொது மருத்துவமனை மருத்துவர்கள் எல்லாம் தனியாருக்குப் போய்விடுவார்களே என்று சிலர் கேட்பார்கள். போவார்கள், சம்பள வித்தியாசம் அப்படி. அதைத் தடுத்து நிறுத்த முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் வெளிநாட்டவருக்குச் சிகிச்சை செய்ய உரிமம் வேண்டுமென்றால், வாரத்தில் இரண்டு நாள் பொது மருத்துவமனையின் தீக்காயப் பிரிவில் வேலை செய்ய வேண்டும் என்று நிபந்தனை போடலாம். அந்தப் பிரிவுக்கு வேண்டிய கட்டுத்துணி, மருந்து, படுக்கைச் செலவைத் தனியார் வருமானத்திலிருந்து எடுக்கலாம். கைப்பழக்கமும் விட்டுப்போகாது.

யாரை முதலில் அழைப்பது என்றும் கேட்டிருந்தீர்கள். முதல் இரண்டு மூன்று வருடத்துக்குத் தொலைதூரப் பணக்கார நாடுகளை விட்டுவிடுங்கள். அண்டை நாட்டவரும், வெளிநாட்டில் குடியேறி விடுமுறைக்கு வரும் உங்கள் மக்களும் போதும். முன்னவர் ஒரு நாள் பயணத்தில் வந்துவிடலாம். பின்னவர் உறவினர் வீட்டில் மூன்று வாரம் தங்குவார். பத்தாவது நாள் தையல் ஓரம் சிவந்தால், படம் எடுத்து அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. நேரில் வந்து காட்டுவார்கள்.