டிஜிட்டல் எஸ்கேப் ரூம் செய்ய ஆசிரியர்களுக்கு எப்படிப் பயிற்சி தருவது?

எந்த மென்பொருளில் தொடங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். அதை அப்புறம் பார்க்கலாம், முதலில் ஆசிரியர்களையே மாணவர்களாக ஒரு எஸ்கேப் ரூம், அதாவது புதிர்களுக்கு விடை கண்டுபிடித்துப் பூட்டுகளை ஒவ்வொன்றாகத் திறந்து வெளியேறும் விளையாட்டை, விளையாட விடுங்கள். எங்கே திணறுகிறோம், எந்தக் குறிப்பு கிடைத்ததும் நகர்கிறோம் என்று அவர்களே உணர்ந்தால்தான் நல்ல புதிர் வரும். பிறகு கருவிக்கு, இணையத்தில் கேள்விப் படிவம் செய்யும் கூகுள் ஃபார்ம்ஸ் போதும்: ஒவ்வொரு பூட்டையும் தனிப் பிரிவாக வைத்து, கேள்வியைக் கட்டாயமாக்கி, விடைச் சரிபார்ப்பில் (Response validation) சரியான எண்ணைக் கொடுத்துவிட்டால், தவறான விடையோடு யாரும் அடுத்த பிரிவுக்குப் போக முடியாது, பிழைச் செய்தி வரும் இடத்தில் சின்னக் குறிப்பும் எழுதலாம். சொல் விடையைவிட எண் விடை நல்லது, எழுத்துப்பிழையால் பிள்ளைகள் மாட்டிக்கொள்வது பாவம். படங்களோடு ஊடாடும் பக்கங்கள் செய்யும் ஜெனியலி (Genially) என்ற இணையக் கருவி அழகாக இருக்கும், ஆனால் முதல் நாளே அதைத் திறந்தால் நேரமெல்லாம் அலங்காரத்திலேயே போய்விடும். பாடம் புரியாமல் ஊகித்தே திறக்க முடிகிற பூட்டு இருந்தால் தயங்காமல் தூக்கிவிடச் சொல்லுங்கள்.