சின்னாக்களுக்கு வீட்டில விஞ்ஞானம்: கேளுங்கோ, ரீச்சர் சொல்லுறன்

கேள்வி (முல்லியவளை): ரீச்சர், மகளுக்கு நாலு வயசு. என்னத்தில தொடங்கலாம்?

பதில்: பயறில தொடங்குங்கோ. ஊறப்போட்ட பயறை ரெண்டு சிரட்டையில ஈரப்பஞ்சுக்கு மேல பரவி, ஒண்டை ஜன்னலடியில வையுங்கோ, மற்றதைப் பானையால மூடிவிடுங்கோ. மூட முந்தி, எது உசரமா வளரும் எண்டு பிள்ளையைக் கேளுங்கோ, அவ என்ன சொன்னாலும் திருத்தாதேங்கோ. நாலைஞ்சு நாளால பானையைத் தூக்கினா இருட்டில கிடந்ததுதான் நெடுநெடுவெண்டு, வெளிறிப்போய், சரிஞ்சு நிக்கும். வெளிச்சத்தைத் தேடித் தண்டை நீட்டினது, பச்சை பிடிக்க வெளிச்சம் கிடைக்கேல்லை. அதை வாயால சொல்ல அவசரப்படாதேங்கோ, ஜன்னலடிக்குக் கொண்டுபோய் வைச்சா மஞ்சள் பச்சையாகிறதை அவவே கண்டுபிடிப்பா.

கேள்வி (வவுனியா): எரிமலை செய்யிறது எப்பிடி?

பதில்: அப்பச்சோடா, மேல தேசிக்காய்ப்புளி. அவ்வளவுதான்.

கேள்வி (புதுக்குடியிருப்பு): பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒண்டு கிடக்கு, மகனிட்டைக் குடுக்கலாமோ?

பதில்: குடுங்கோ. பொலித்தீன் பையுக்கை போட்டு மணலில இழுத்தா கறுப்புத் துணிக்கையள் ஒட்டும், காந்தத்தை வெளியில எடுக்க எல்லாம் கொட்டுண்டுபோகும். ஆனா கூட்டின முத்தத்து மண்ணில மட்டும். பத்தைக்கையும் கைவிட்ட காணியுக்கையும் விடாதேங்கோ, மிதிவெடி துப்பரவாக்கின இடமெண்டு ஆர் சொன்னாலும் சரி. தெரியாத இரும்பைக் கண்டா தொடாமல் வந்து பெரியாக்களிட்டைச் சொல்லோணும், காந்தத்துக்கு முதல் இதைப் பழக்குங்கோ. குட்டி உருண்டைக் காந்தம் வேண்டவே வேண்டாம், விழுங்கினா குடலில ஒண்டையொண்டு பிடிச்சுக்கொள்ளும்.

கேள்வி (கிளிநொச்சி): மகன் நிழல் ஏன் நீளுது, ஏன் சுருங்குது எண்டு கேட்டபடி.

பதில்: நல்ல பிள்ளை. முத்தத்தில 1 மீற்றர் தடியை நிமித்தி நட்டு, மணித்தியாலத்துக்கு ஒருக்கா நிழல் நுனியில கல்லு வைக்கச் சொல்லுங்கோ, எங்கை போகுமெண்டு முதலே அவனைக் குறிக்கவிடுங்கோ. இன்னொண்டு, உங்கட பக்கம் வருசப்பிறப்பை ஒட்டி, சித்திரை 14 (ஏப்ரல் 14, நான் சொல்லுற மாசமெல்லாம் இங்கிலீசுக் கணக்கு) போல, மத்தியானம் சூரியன் நேர் உச்சியில நிக்கும், நிழல் தடிக்கு அடியிலயே ஒடுங்கிப்போகும். ஆவணிக் கடைசியில திரும்ப ஒருக்கா. சூரியனை நிமிந்து பாக்க விடாதேங்கோ.

இடையில ஒரு அண்ணை (மாங்குளம்): உச்சிவெயில் ஒவ்வொரு நாளும் 12 மணிக்குத்தானே ரீச்சர்? அப்ப ஒவ்வொரு நாளும் நிழல் காலுக்கை வரும்தானே.

பதில்: வராது அண்ணை. மார்கழி 22 போல உங்கட மத்தியானத்தில 1 மீற்றர் தடிக்கு 64 சென்ரிமீற்றர் மட்டில நிழல் வடக்கை விழும். ஆனி 21 போல பாத்தா 25 சென்ரிமீற்றர், அதுவும் தெற்கை.

அண்ணை: தெற்கையோ? சூரியன் எங்களுக்கு வடக்கை போகுமோ?

பதில்: போகும். சித்திரை நடுவில இருந்து ஆவணிக் கடைசி மட்டும் மத்தியானச் சூரியன் எங்களுக்கு வடக்கைதான். 12 மணிக் கதையும் பிழை. எங்கட மணிக்கூடு 82.5 பாகை நெடுங்கோட்டுக்கு வைச்சது, நாங்கள் இருக்கிறது 80.4 போல, ஒரு பாகைக்கு 4 நிமிசம், அப்ப எட்டு நிமிசம் மட்டில பிந்தும். அதுக்கு மேல பூமி சூரியனைச் சுத்துற விதத்தால மாசத்துக்கு மாசம் கூடிக்குறையும், கார்த்திகைத் தொடக்கத்தில 12க்கு முந்தியே உச்சி வந்திடும்.

கேள்வி (ஒட்டுசுட்டான்): அண்ணை சொல்லுறதுதான் சரிபோல கிடக்கு ரீச்சர்.

பதில்: வாக்கெடுப்பு இல்லைத் தம்பி, தடியை நடுங்கோ.

கேள்வி (வவுனியா): கலர் எரிமலைக்கு?

பதில்: மேல சொன்னதுதான், பீற்றூட் தண்ணி விடுங்கோ. எரிமலை இனிக் காணும்.

கேள்வி: எக்ஸ்றே படத்தால சூரியனைப் பாக்கலாமோ?

பதில்: இல்லை, இல்லை, இல்லை. 2019 மார்கழி 26 வளையக் கிரகணத்துக்கும் இதையே தொண்டை வறளச் சொன்னனான். இருட்டாத் தெரிஞ்சாலும் கண் சுடும். கிடுகு ஓட்டையால நிலத்தில விழுற வட்டங்களைப் பாருங்கோ, அது ஒவ்வொண்டும் சூரியன்ர படம்தான்.

கேள்வி: புலமைப்பரிசில் வினாத்தாள் இருக்கோ?

பதில்: வகுப்பு ரீச்சரிட்டைக் கேளுங்கோ.

அண்ணை (மாங்குளம்): சரி, நாளைக்கு நடுறன். எத்தினை மணிக்குப் பாக்கோணும்?

பதில்: 11.30 தொடக்கம் 12.40 மட்டும் அஞ்சு நிமிசத்துக்கு ஒரு கல்லு. நிழல் ஆகக் கட்டையா இருக்கிற கல்லுதான் உங்கட மத்தியானம். நூலில கல்லுக் கட்டித் தடி நேரா நிக்குதோ எண்டு முதல் பாருங்கோ, பிறகு என்னோட சண்டைக்கு வாங்கோ.