சிஃபிளாக்ஸ் கொடுத்தும் வேகம் கூடவில்லையே, ஏன்?

கேள்வி: உபுண்டுவில், சி நிரல் கலந்த ஒரு பைதான் தொகுப்பை, கம்பைலருக்கு (சி நிரலை இயந்திர நிரலாக்கும் கருவி) விருப்பங்களைச் சொல்லும் சிஃபிளாக்ஸ் மாறியில் வேகத்துக்கான ‘-ஓ3’ என்று கொடுத்து, பைதான் தொகுப்புகளை நிறுவும் பிப் கருவி வழியாக நிறுவினேன். வேகம் சிறிதும் கூடவில்லை. வேகப்படுத்திய வீல் கோப்பை (நிறுவத் தயாரான தொகுப்புக் கோப்பு) விலைக்குத் தருவதாக ஒருவர் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். உங்கள் கணினியில் கம்பைலர் பெரும்பாலும் ஓடவே இல்லை. ஏற்கெனவே கம்பைல் செய்த வீல் கோப்பு கிடைத்தால் பிப் அதையே இறக்கி நிறுவிவிடும். அந்தக் கோப்பு வேறொரு கணினியில், வேறொருவர் தேர்ந்த விருப்பங்களோடு முன்பே உருவாகிவிட்டதால், உங்கள் சிஃபிளாக்ஸுக்கு அங்கே வேலையே இல்லை. ‘நோ-பைனரி’ விருப்பத்தோடு தொகுப்பின் பெயரையும் கொடுத்தால்தான் மூல நிரல் இறங்கி, உங்களிடம் கம்பைல் ஆகும். அதுவும் போதாது. முன்பு உங்கள் கணினியில் உருவான வீல் பிப்பின் கேஷில் (தற்காலிகச் சேமிப்பில்) கிடந்தால், பிப் 23.1 முதல் அதையே எடுத்துக்கொள்ளும் என்பதால், ‘நோ-கேஷ்-டிர்’ என்பதையும் சேர்க்க வேண்டும். பயனர் கொடுத்த விருப்பம் வீணாயிற்று என்று ஒரு வரி எச்சரிக்கை காட்டக்கூட இந்தக் கருவிக்கு மனம் வரவில்லை. அதே 23.1 பதிப்பில் நிறுவும்போதே விருப்பங்களைக் கொடுக்கும் ‘இன்ஸ்டால்-ஆப்ஷன்’ என்ற பழைய வழியையும் நீக்கிவிட்டார்கள். பழைய குறிப்புகளை நம்பிக் கட்டளை இடுகிறவர்கள்தான் அலைக்கழிகிறார்கள்.

அடுத்து, கட்டளையில் ‘-வி’ சேர்த்து ஓட்டி, லினக்ஸின் வழக்கமான சி கம்பைலரான ஜிசிசியை அழைக்கும் வரியைத் திரையில் தேடுங்கள். அந்த வரியே இல்லையென்றால் கம்பைல் நடக்கவில்லை. வரி இருந்து, அதில் உங்கள் ‘-ஓ3’க்குப் பின்னால் ஒரு படி குறைந்த ‘-ஓ2’ வந்தால், கடைசியாக வந்ததே செல்லும். தொகுப்பை உருவாக்கும் செட்அப் டூல்ஸ் கருவிக்கான கோப்பில், தொகுப்பின் ஆசிரியர் ‘எக்ஸ்ட்ரா கம்பைல் ஆர்க்ஸ்’ என்ற கூடுதல் விருப்பப் பட்டியலில் எழுதியவை வரியின் இறுதியில்தான் சேரும். அப்போது மூல நிரலை இறக்கி அந்தப் பட்டியலைத் திருத்துவதே வழி. பட்டியலில் ஒவ்வொரு விருப்பத்தையும் தனித்தனி மேற்கோளுக்குள் எழுதுங்கள். இரண்டை இடைவெளி விட்டு ஒரே மேற்கோளுக்குள் எழுதினால், ஜிசிசி இரண்டையும் சேர்த்து ஒரே விருப்பமாகப் படித்துப் பிழை காட்டும்.

இவையெல்லாம் லினக்ஸுக்கு. விண்டோஸில் மைக்ரோசாஃப்ட் கம்பைலரைப் பயன்படுத்துகிறவர்களுக்கு மட்டும் கதை வேறு: அங்கே சிஃபிளாக்ஸை யாரும் படிப்பதில்லை, ‘சிஎல்’ என்ற மாறியை அந்தக் கம்பைலரே நேரடியாகப் படிக்கும். விருப்பத்தின் எழுத்துமுறையும் வேறு. வேலையைப் பல இழைகளாகப் பிரித்து ஓட்டும் ஓபன்எம்பிக்கு ஜிசிசியில் ‘-எஃப்ஓபன்எம்பி’ என்று எழுதுவதை அங்கே சாய்கோடு இட்டு ‘/ஓபன்எம்பி’ என்று எழுத வேண்டும். கம்பைல் ஆன துண்டுகளை ஒன்றாக்கும் இணைப்புக் கட்டத்துக்கான விருப்பத்திலும் வேறுபாடு உண்டு. ஜிசிசியில் ‘எக்ஸ்ட்ரா லிங்க் ஆர்க்ஸ்’ பட்டியலிலும் அதே விருப்பத்தை மறுபடி எழுதாவிட்டால் கம்பைல் தடையின்றி முடிந்து, தொகுப்பை இம்போர்ட் செய்யும்போதுதான் பிழை வெடிக்கும். விண்டோஸில் அந்த மறுபடி எழுதும் வேலை தேவையில்லை.

இப்போது அந்த வீல் கோப்புக்கு வருவோம். முகம் தெரியாதவர் கொடுக்கும் வீலுக்குள் இருக்கும் நிரல், நீங்கள் இம்போர்ட் செய்த கணமே உங்கள் பயனர் உரிமைகள் அனைத்தோடும் ஓடும். நேர்மையாகவே உருவாக்கியிருந்தாலும், ‘-மார்ச்=நேட்டிவ்’ கொடுத்துக் கம்பைல் செய்திருந்தால் அது அவருடைய செயலிக்கான கட்டளைகளைக் கொண்டிருக்கும்; உங்கள் செயலியில் அவை இல்லையெனில் ‘இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்’ என்று நிரல் சாகும். துல்லியத்தை விட்டு வேகத்தைக் கேட்கும் ‘-ஓஃபாஸ்ட்’ விருப்பம் இன்னும் மோசமானது. எண்ணல்லாத மதிப்புகளே (பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுத்தால் வருவது போன்றவை) கணக்கில் வராது என்று கம்பைலர் வைத்துக்கொள்வதால், அவற்றைச் சோதிக்கும் வரிகள் பயனற்றுப் போய், தவறான விடை சத்தமில்லாமல் வெளியே வரும்.

எல்லாம் சரியாகச் செய்த பின்பும் வேகம் கூடாமல் போகலாம். ‘-ஓ2’இலிருந்து ‘-ஓ3’க்குப் போவதால் பெரும்பாலான நிரல்களுக்குக் கிடைக்கும் ஆதாயம் சிறிதே. நேரம் உண்மையில் எந்த ஃபங்ஷனில் செலவாகிறது என்று ஒரு புரொஃபைலரை ஓட்டிப் பார்த்து, அந்த இடத்தைத் திருத்துங்கள்.