வளையம் பூட்டிய பறவை: வாசகர் கேள்வி பதில்

உப்பளப் பாத்தியோரம் செத்துக் கிடந்த உள்ளானின் காலில் அலுமினிய வளையம் இருந்தது. கழற்றி வைத்திருக்கிறேன். யாரிடம் சொல்வது?
– வாசகர், வேதாரண்யம்

பறவைகள் எங்கே போய் வருகின்றன என்று அறிய, கோடியக்கரையில் நெடுங்காலமாக அவற்றின் காலில் வளையமிட்டு வருவது பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கம். அவர்களுடைய வளையத்தில் ‘இன்ஃபார்ம் பாம்பே’ என்று ஆங்கிலத்தில் தொடங்கும் வரியும், எழுத்தோடு சேர்ந்த ஓர் எண்ணும் இருக்கும். அந்த எழுத்தை விட்டுவிடாதீர்கள். எழுத்து மாறினால் பறவையே மாறிவிடும்.

முதலில் வளையத்தைச் சுற்றிச் சுற்றிப் பல படங்கள் எடுங்கள். அதன்பிறகே பிரித்துத் தட்டையாக்குங்கள். பழைய அலுமினியம் மடிப்பில் உடையக்கூடும். உப்புநீரில் எழுத்து தேய்ந்திருந்தால் மெல்லிய தாளை மேலே வைத்துப் பென்சிலால் லேசாகத் தேய்த்தால் தெரியவரும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் மிச்சமிருக்கும் எழுத்தும் போய்விடும்.

எண்ணோடு, கண்டெடுத்த தேதி, ஊர், வட்டம், கைபேசி காட்டும் அட்சரேகை தீர்க்கரேகை, பறவையின் படம் எல்லாவற்றையும் சங்கத்துக்கு அனுப்புங்கள். முகவரி: ஹார்ன்பில் ஹவுஸ், மும்பை 400001. உடல் புதிதாக இருந்ததா, காய்ந்து எலும்பாகிக் கிடந்ததா என்பதையும் அவசியம் எழுதுங்கள். எலும்பாகக் கிடந்ததென்றால், நீங்கள் பார்த்த நாளை அது செத்த நாளாகக் கணக்கிட முடியாது. வளையத்தைப் பத்திரமாக வைத்திருங்கள், கேட்டால் அனுப்பலாம்.

இனி இப்படிப் பார்த்தால் வெறுங்கையால் தொடாதீர்கள். பாலிதீன் பையைக் கையுறை போல மாட்டிக்கொள்ளுங்கள். ஒரே இடத்தில் பல பறவைகள் செத்துக் கிடந்தால் எதையும் எடுக்காமல் கால்நடை பராமரிப்புத் துறைக்கும் வனத்துறைக்கும் சொல்லுங்கள்.

உயிரோடு மேயும் பறவையின் காலில் வண்ணக் கொடி தெரிகிறது. பிடிக்காமல் எப்படிக் குறிப்பது?
– வாசகர், தூத்துக்குடி

பிடிக்கவே கூடாது, அது சட்டப்படி குற்றமும்கூட. கொடி என்பது ஆய்வாளர்கள் பறவையின் காலில் மாட்டும் வண்ண பிளாஸ்டிக் பட்டை. அது எந்தக் காலில், முழங்கால் போலத் தெரியும் மூட்டுக்கு மேலா கீழா, எந்த நிறம் மேலே எந்த நிறம் கீழே என்று பாருங்கள். இடது வலது என்பது பறவையின் இடது வலது. பறவை உங்களைப் பார்த்து நின்றால் உங்கள் வலப்பக்கம் இருப்பது அதன் இடக்கால். குழப்பம் வருவது பெரும்பாலும் இங்கேதான். மாலை மஞ்சள் வெயிலில் வெள்ளைக் கொடி மஞ்சளாகவும், சேறு படிந்தால் எல்லாமே பழுப்பாகவும் தெரியும். கொடியின் எழுத்தில் 3, 8 இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். ஐயமிருந்தால் அந்த இடத்தில் கேள்விக்குறி போடுங்கள், ஊகித்து நிரப்பாதீர்கள். தெளிவில்லாத படத்தையும் சேர்த்தே அனுப்புங்கள். ஓரத்தில் தெரியும் ஒரு நிறம்கூட உதவும்.

வலையில் சிக்கிய பறவை கைக்கு வந்துவிட்டால், எண்ணைப் படமெடுத்துவிட்டு வளையத்தோடே பறக்கவிடுங்கள். குறடு போட்டு இழுத்தால் கால் முறியும்.

மொட்டை மாடியில் வந்து இறங்கிய புறாவுக்கு வளையம் இருக்கிறது. இதையும் மும்பைக்கு எழுத வேண்டுமா?
– வாசகர், சென்னை

வேண்டாம். காட்டுப் பறவைக்கு இடும் வளையத்தில் குறடால் மூடிய இணைப்புக் கோடு தெரியும். பந்தயப் புறாவுக்குக் குஞ்சாக இருக்கும்போதே இணைப்பில்லாத முழு வளையத்தை நுழைத்துவிடுவார்கள். அதில் ஆண்டும் புறாப் பந்தயச் சங்கத்தின் எழுத்துகளும் இருக்கும். தண்ணீரும் கம்புத் தானியமும் வைத்து ஓய்வெடுக்க விடுங்கள். ஓரிரு நாளில் கிளம்பாவிட்டால் உள்ளூர்ப் புறாப் பந்தயச் சங்கத்தாரிடம் எண்ணைச் சொன்னால் உரியவரைத் தேடிப் பார்ப்பார்கள்.