தாத்தாவை இழந்த 15 வயது மகள், இறந்தவர்கள் வரும் ஃபேன்டஸி கதை கேட்கிறாள். கொடுக்கலாமா?

கொடுங்கள். கார்த் நிக்ஸ் என்ற ஆஸ்திரேலிய எழுத்தாளரின் ‘ஓல்ட் கிங்டம்’ தொடரைக் கொடுங்கள். முதல் புத்தகம் ‘சப்ரியேல்’, 1995இல் வந்தது.

“தாத்தா போய் எட்டு மாதம் ஆகிறது. அவர் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறாள். ஆனால் படிக்க மட்டும் மாயமும் செத்தவர்களும் வரும் கதையாகக் கேட்கிறாள், பயமாக இருக்கிறது” என்று எழுதியிருக்கிறீர்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். அப்பா இறந்தபோது கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. வீட்டு வாசலில் அன்று முழுக்க அடித்த சேகண்டிச் சத்தம் காதை விட்டுப் போகவே இல்லை. வெகுநாள் எந்த மணியோசை கேட்டாலும் வயிற்றைப் பிசையும். அப்போதுதான் விடுதித் தோழி ஒருத்தி இந்தப் புத்தகத்தைக் கையில் திணித்தாள். மணிகளைப் பற்றிய கதை என்று அவள் சொல்லவில்லை.

கதை நடப்பது இரண்டு நாடுகளில். நடுவே ஒரு மதில். தெற்கே ஆன்செல்ஸ்டியர், கிட்டத்தட்ட நூறு வருடத்துக்கு முந்தைய இங்கிலாந்து மாதிரி: கார் உண்டு, மின்சாரம் உண்டு. வடக்கே பழைய ராஜ்ஜியம். அங்கே மாயம்தான் செல்லும், இயந்திரம் ஓடாது. வடகாற்று அடிக்கிற நாளில் மதிலுக்குத் தெற்கேயும் துப்பாக்கி வெடிக்காது என்பதால், காவல் நிற்கும் சிப்பாய்கள் துப்பாக்கியோடு வாளும் கட்டியிருப்பார்கள். வட இங்கிலாந்தில் இருக்கும் ஹேட்ரியன் மதிலின் படம் ஒன்றில் ஒரு பக்கம் பச்சைப்புல்லும் மறுபக்கம் பனியுமாக இருந்ததைப் பார்த்துத்தான் நிக்ஸுக்கு இந்த எல்லை தோன்றியதாம்.

சப்ரியேலுக்கு 18 வயது. தெற்கே விடுதிப் பள்ளியில் படிக்கிறாள். அவள் அப்பா வடக்கே அபோர்சன். அது பெயரல்ல, பதவி. பழைய ராஜ்ஜியத்தில் செத்தவர்களை எழுப்பி ஏவல் செய்யவைக்கும் மந்திரவாதிகள் நிறைய. அபோர்சனின் கையிலும் அதே வித்தைதான், அதே மணிகள்தான். ஆனால் அவர் வேலை எழுந்தவர்களைத் திரும்பப் படுக்கவைப்பது. நான் இந்தத் தொடரை உங்களுக்குச் சொல்வது இந்த ஒரு காரணத்துக்காகத்தான். இறந்தவரைத் திரும்பக் கொண்டுவரும் சக்தி உள்ளவர்கள்தான் இதில் நாயகர்கள். அவர்கள் செய்வதோ அவரைப் போகவிடுவது.

மரணம் இந்தக் கதையில் ஓர் ஆறு. சாம்பல் நிறத் தண்ணீர், எலும்பைக் குத்தும் குளிர், இழுத்துக்கொண்டே போகும் ஓட்டம். வழியில் ஒன்பது வாசல்கள். உயிரோடு இருப்பவர் உள்ளே போனால், அவர் உடம்பு இந்தப் பக்கம் அப்படியே நிற்கும், மேலே உறைபனி படிந்து. ஒன்பதாவது வாசலைத் தாண்டினால் வானம் முழுக்க நட்சத்திரம். அதை நிமிர்ந்து பார்த்தவர் திரும்ப முடியாது.

மணிகளுக்கு வருகிறேன். மார்புக்குக் குறுக்கே ஒரு தோல்பட்டை, அதில் ஏழு பைகள். சிறியது மாத்திரைப் புட்டி அளவு, பெரியது ஜாம் பாட்டில் அளவு. நடக்கும்போது தானாக அடித்துவிடக் கூடாது என்று மணிநாக்குகளைத் தோலால் கட்டிவைத்திருப்பார்கள். சின்ன மணி ரன்னா, கேட்பவரைத் தூங்கவைக்கும். அடுத்தது மோஸ்ரேல், எழுப்பும். ஆனால் செத்தவர் இந்தப் பக்கம் எழுந்து வரவர, அடித்தவர் அந்தப் பக்கம் சரிவார். கிபெத் நடக்கவைக்கும், கவனம் தப்பினால் அடித்தவரையே கூட்டிக்கொண்டு போய்விடும். டிரிம் பேசவைக்கும். பெல்கேர் நினைவைத் திருப்பித் தரும். சரனெத் கட்டிப்போடும். ஏழாவது அஸ்டரேல், அழுகையின் மணி. அதைக் கேட்ட அத்தனை பேரும் மரணத்துக்குள் போவார்கள், அடித்தவரும் சேர்த்து. இதைப் படித்த அன்று ராத்திரி, எங்கள் தெருவில் அடித்த அந்தச் சேகண்டி யாருக்காக அடித்தது என்று முதல்முறையாக யோசித்தேன். அப்பாவைப் பயமுறுத்த அல்ல, வழியனுப்ப.

தொடக்கத்திலேயே ஒரு சின்னக் காட்சி வரும். பள்ளியில் ஒரு குட்டிப்பெண்ணின் முயல் காரில் அடிபட்டுச் செத்துக் கிடக்கும். அவள் அழுகையைப் பொறுக்க முடியாமல் சப்ரியேல் மரணத்துக்குள் போய் முயலைத் திரும்பக் கொண்டுவந்துவிடுவாள். செய்யக்கூடாத காரியம் என்று அவளுக்கே தெரியும். உங்கள் மகள் அந்த இடத்தில் நின்று ஏதாவது கேட்டால் உடனே பதில் சொல்லிவிடாதீர்கள், கேட்கட்டும்.

இரண்டாவது புத்தகம் ‘லிரேயல்’, 2001. அதற்கு முன் ஒரு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். வருங்காலம் பார்க்கும் குடும்பத்தில் பிறந்து, தனக்கு மட்டும் அந்தப் பார்வை வராத பெண் லிரேயல். அப்பா அம்மா கூட இல்லை. தன் 14ஆவது பிறந்தநாளில் உயிரை விட்டுவிடலாம் என்று மலைமேல் ஏறுகிறாள். அதன்பிறகு அவளைப் பிடித்து நிறுத்துவது ஒரு பெரிய நூலகமும் ஒரு நாயும். எனக்கு மிகவும் பிடித்தது இந்தப் புத்தகம்தான். ஆனால் துக்கத்தில் இருக்கும் பிள்ளை கையில் கொடுக்குமுன் நீங்கள் ஒருமுறை படித்துவிடுங்கள். அவள் பேச்சில் அந்தச் சாயல் தெரிந்தால் புத்தகத்தை ஒதுக்கிவிட்டு மனநல ஆலோசகரிடம் அழைத்துப் போங்கள். அதில் தயங்கவே வேண்டாம்.

‘லிரேயல்’ பாதியில்தான் நிற்கும், மிச்சக் கதை 2003இல் வந்த ‘அபோர்சன்’. இந்த மூன்றையும் இதே வரிசையில் படித்தால் போதும். ‘கிளாரியேல்’ பின்னால் வந்த புத்தகம், ஆனால் கதை அறுநூறு வருடம் முந்தியது. அதில் தொடங்க வேண்டாம். நான் படித்தது ஆங்கிலத்தில். கொஞ்சம் அடர்த்தியான நடை, முதல் ஐம்பது பக்கம் பொறுமை வேண்டும். ரத்தமும் அழுகிய பிணங்களும் உண்டு, 13 வயதுக்குக் கீழ் நான் கொடுக்கமாட்டேன்.

இனி வருவது முதல் புத்தகத்தின் பிற்பகுதியில் நடப்பது. உங்களுக்கு மட்டும், மகளிடம் சொல்லிவிடாதீர்கள். சப்ரியேல் இத்தனை தூரம் வருவதே அப்பாவைத் தேடித்தான். மதிலோரம் அவர் நட்டுவைத்த காற்றுக்குழல்கள் இருக்கும். நட்டவர் இறந்தால் அடுத்த பௌர்ணமியோடு அவை ஓய்ந்துவிடும். அதனால் அவளும் நாமும் நாள் எண்ணிக்கொண்டே போவோம். கடைசியில் கண்டுபிடித்துவிடுகிறாள், உயிரை மீட்டு உடம்பில் சேர்த்தும் விடுகிறாள். ஆனால் அவருக்குக் கிடைப்பது கொஞ்ச நேரம்தான். எல்லாருக்கும் ஒரு வேளை உண்டு என்று மகளிடம் சொல்கிறார். பிறகு அவளை ஓடச்சொல்லிவிட்டு, பகைவனைத் தடுக்க அஸ்டரேலைக் கையில் எடுக்கிறார்.

அந்தப் பக்கத்தில் புத்தகத்தை மூடிவிட்டேன், இரண்டு நாள் திறக்கவில்லை. மூன்றாம் நாள் அம்மாவுக்குப் போன் போட்டேன். அதுவரை நாங்கள் இருவரும் சாப்பாடு, பரீட்சை தவிர வேறெதுவும் பேசிக்கொண்டதில்லை. அப்பாவின் டிவிஎஸ் 50 எங்கே நிற்கிறது என்று கேட்டேன். கொல்லையில்தான், தார்ப்பாய் போட்டு மூடியிருக்கிறேன், வாரம் ஒருதடவை ஸ்டார்ட் செய்து வைக்கிறேன் என்றாள். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் அழுதோம். பிறகு அம்மாவே கேட்டாள், “பால்காரத் தம்பி நடந்தே வர்றான்டி, அவனுக்குக் கொடுத்துடட்டுமா?”

“கொடுத்துடும்மா” என்றேன்.